காந்தல் முறை

கடைசி ஒரு மாதத்தில் நாற்பத்திரண்டு உப்பளப் பெண்களில் ஒருத்திக்குக்கூடக் கால் வலிக்கவில்லை என்று திரை சொன்னது. சோதனைக் குழுவில் இருந்த இசக்கியம்மாளுக்கு அதைப் பார்த்துச் சந்தோஷம் வரவில்லை. ஏனென்றால் அந்த நாற்பத்திரண்டு பேரில் இருபத்தொரு பேருக்குக் காலில் ஒட்டக் கொடுத்தது மருந்தே இல்லாத வெறும் பட்டை.

யாருக்கு மருந்துப் பட்டை, யாருக்கு வெறும் பட்டை என்பது சோதனை நடந்த தொண்ணூறு நாளும் ஒருவருக்கும் தெரியாது. பெயர்ப்பட்டியல் இருந்த உறையை அன்று காலையில்தான் பிரித்தார்கள். தரமணி ஆய்வகத்தின் ஆறாவது மாடியில், ஏசிக் குளிருக்குச் சால்வை போர்த்தியபடி, டாக்டர் நிரூபமா பட்டியலையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"மருந்து போட்டவங்களுக்கும் வலி இல்ல, போடாதவங்களுக்கும் வலி இல்ல. அப்போ நம்ம மருந்து என்னத்தைக் கிழிச்சுதுன்னு ரிப்போர்ட் எழுதறது?"

எதிரே உட்கார்ந்திருந்த மனோகர தாஸ் சிரித்தார். உப்பள முதலாளிகள் சார்பில் இந்தச் சோதனையை நடத்தச் சொன்னவர் அவர். "படிக்காத ஜனம் மேடம். தினம் சாயந்தரம் பத்து மூஞ்சிப் படத்தைக் காட்டி, எவ்வளவு வலிக்குதோ அந்த மூஞ்சியை அமுக்குன்னு சொன்னா, பார்க்க லட்சணமா இருக்கிறதைத்தான் அமுக்கும். அந்த இருபத்தொரு பேரை லிஸ்ட்லேர்ந்து தூக்கிடுங்க."

"முதல் ரெண்டு வாரம் அழுற மூஞ்சியைத்தான் சார் அமுக்கியிருக்காங்க," என்றாள் இசக்கி. "அப்போ மட்டும் படிச்சிருந்தாங்களா?"

தாஸ் அவளைப் பார்க்கவில்லை, டாக்டரைப் பார்த்தார். இசக்கிக்கு இது பழக்கம்தான். அவள் கேட்கிற கேள்விக்குப் பதில் எப்போதும் பக்கத்து நாற்காலிக்குப் போகும்.

"திங்கட்கிழமை அரசாங்க விசாரணை மேடம்," என்றார் தாஸ். "வெயில் நாற்பதைத் தாண்டினா பதினோரு மணிக்குச் சங்கு ஊதி எல்லாரையும் கரையேத்தணும்னு சட்டம் போட்டு ஆறு வருஷம் ஆச்சு. மூணரை வரைக்கும் உப்புப் பாத்தி சும்மா கிடக்கு. கால் காந்துது, எரியுதுன்னு சொல்லித்தானே அந்தச் சட்டமே வந்தது? இப்போ காந்தலை. அப்புறம் எதுக்குச் சங்கு? அதைத்தான் நாங்க கேக்கப் போறோம்."

சோதனை இதற்குத்தான் என்று இசக்கி அன்றுதான் முதல் முறையாகக் கேள்விப்பட்டாள். அம்மா நிற்கிற உப்புத்தண்ணீரை மனசில் வைத்துக்கொண்டுதான் இந்த வேலைக்கு வந்தாள். உப்பை அள்ளிப்போக ஆளில்லா வண்டி வந்துவிட்டது, வாருவதற்கு மட்டும் இன்னும் மனுசக் கால்தான். இயந்திரத்தை இறக்கினால் பாத்தியின் தளம் பிளந்து உப்பில் மண் கலந்துவிடுகிறதாம். சரி, அந்தக் காலாவது வலிக்காமல் இருக்கட்டும் என்று நினைத்தாள். ஊர்க்காரி வந்து சொன்னால்தான் பெண்கள் நம்புவார்கள் என்று அவளையே அனுப்பினார்கள். அம்மா பேச்சித்தாயின் பெயரைத்தான் முதலில் எழுதினாள்.

"நீயே போய் என்னன்னு பாரு," என்றார் டாக்டர். "உங்க ஆளுங்கதானே, உன்கிட்ட மறைக்க மாட்டாங்க. களத்துல சரிபார்த்தேன்னு உன் கையெழுத்து வேணும்."

உங்க ஆளுங்க. எட்டு வருடமாக, முதலில் கல்லூரியிலும் பிறகு இங்கேயும், அந்த இரண்டு சொல்லை யாராவது ஒருவர் அவள் மேல் ஒட்டிக்கொண்டே இருக்கிறார்கள்.

கிளம்பும் முன் நுண்ணோக்கி அறைக்குப் போனாள். நான்கு வருடமாக அவள் வேலை ஒரே ஒரு நொதியைப் பார்த்துக்கொண்டிருப்பது. நரம்பு செல்லுக்குள் அது பாட்டுக்கு மிதந்துகொண்டிருக்கும். பச்சையாக ஒளிரும்படி அதற்குச் சாயம் கட்டியிருந்தார்கள். தட்டில் ஒரு சொட்டு மிளகாய்ச் சாறு விட்டால், சிதறிக் கிடந்த பச்சை முழுக்க ஓடிப்போய்ச் செல்லின் ஓரச் சவ்வில் உள்பக்கமாக ஒட்டிக்கொள்ளும். பார்க்கக் கண்ணாடி வளையல் போல இருக்கும். வளையல் விழுந்தால்தான் செல் தன் கதவுகளைத் திறந்து, சுடுகிறது என்று மேலே சொல்லியனுப்பும். 'ஆறுதல்' என்று பெயர் வைத்த இந்த மருந்து, நொதி உட்காரும் இடத்தில் முந்திப் போய் உட்கார்ந்துகொள்ளும். அப்புறம் வளையல் விழாது. மருந்தைக் கழுவிவிட்டு ஆறு மணி நேரம் பொறுத்தால் மறுபடி விழும். முந்நூறு தட்டுகளில் அப்படித்தான் விழுந்தது.

ஒரு தட்டில் விழவில்லை. பொங்கலுக்கு ஊருக்குப் போகிற அவசரத்தில் அவள் கழுவ மறந்து, ஆறு நாள் மருந்திலேயே ஊறிக் கிடந்த தட்டு. "செத்த செல்லுக்கு எங்கேர்ந்து வளையல் விழும்? தூக்கிப் போடு," என்றார் டாக்டர். தட்டில் ஊற்றியிருந்த சிவப்புத் தீனித் தண்ணீர் மஞ்சளாகியிருந்தது. உயிரோடு தின்றுகொண்டிருக்கிற செல்தான் அதை மஞ்சளாக்கும். இசக்கியின் கண்ணில் அது பட்டது. ஆனாலும் கேட்கவில்லை. 'தட்டு கெட்டுவிட்டது' என்று நோட்டில் எழுதித் தூக்கிப் போட்டாள்.

மறுநாள் மத்தியானம் தூத்துக்குடிக்குத் தெற்கே, வீட்டில் சோற்றுக்கு உட்கார்ந்தாள். பேச்சித்தாய் ரசம் ஊற்றிவிட்டு அப்பளம் பொரிக்க அடுப்படிக்குள் போனாள். அலமாரியில் ஊறுகாய் ஜாடி இருந்தது. இசக்கி மூடியைத் திறந்து கரண்டியை விட்டாள். வந்தது மாங்காய்க் கீற்று இல்லை. எண்ணெய் சொட்டச் சொட்ட வெள்ளைப் பட்டை. கிண்டிப் பார்த்தால் ஜாடி முழுக்க நல்லெண்ணெயும் பட்டையும்தான்.

"ஏட்டி, அதத் தின்னுராத," என்று அம்மா உள்ளேயிருந்து சொன்னாள்.

"யம்மா, இது நான் குடுத்த மருந்துப் பட்டைல்லா?"

"ஆமா."

"இத எதுக்கு எண்ணெயில போட்டு வச்சிருக்க?"

"நல்ல கேள்வி. நீ சொல்லித்தான் போட்டேன்." பேச்சித்தாய் அப்பளத்தோடு வந்து உட்கார்ந்தாள். "மாசி மாசம் போன்ல கேட்டேன்லா, உப்புத்தண்ணியில நிக்கமே, மருந்து கழுவிட்டுப் போயிராதான்னு. கழுவாது, தண்ணியில கரையாது, எண்ணெயிலதான் கரையும்னு சொன்ன. பெறகு வெளக்கமா வேற சொன்ன."

"என்ன வெளக்கம் சொன்னேன்?"

"ஒடம்பு பூரா பொடிப்பொடிப் பாத்தின்ன. ஒவ்வொரு பாத்தியச் சுத்தியும் எண்ணெயிலயே போட்ட வரப்பு. உள்ள ஒருத்தி சும்மா அலைஞ்சிட்டுக் கெடப்பா. வெயிலு சுட்டுட்டு, உப்பு அறுத்துட்டுன்னா ஓடியாந்து வரப்புல ஏறி உக்காந்து கத்துவா. அவ கத்துனாத்தான் நமக்கு நோவு. மருந்து என்ன செய்யுதுன்னா, அவ ஏறுத எடத்துல முந்திப் போயி உக்காந்துக்கிடுது. அவ ஏற எடமில்லாம உள்ளயே சுத்துதா. சரிதான?"

ஆறாவது மாடியில் எவரும் இதை இவ்வளவு சுத்தமாகச் சொல்லி இசக்கி கேட்டதில்லை.

"வரப்பே எண்ணெயா இருந்தா, எண்ணெயில கரைஞ்ச மருந்து நல்லா எறங்கும்லா?" என்றாள் அம்மா. "நாங்க எப்பயும் எண்ணெ தேச்சிட்டுத்தான பாத்தியில எறங்குவோம், உப்பு கடிக்காம. ஒனக்கென்ன தெரியாதா?"

தெரியும். சின்ன வயதில் அம்மாவின் கணுக்காலுக்கு அவளே தேய்த்துவிட்டிருக்கிறாள். ஆனால் 'சோப்பால் கழுவி ஈரமில்லாமல் துடைத்த தோலில் ஒட்டவும்' என்று பட்டைப் பெட்டிக்கான குறிப்பைத் தமிழில் எழுதியதும் அவள்தான். எழுதும்போது அந்தக் கணுக்கால் நினைவுக்கு வரவே இல்லை. ஆறாவது மாடியில் எல்லோருக்கும் கால் சுத்தமாக இருந்தது.

"வெறும் பட்டைக்காரிகளுக்கும் இந்த எண்ணெதானா?"

"பின்ன? ரெண்டே நாள்ல தெரிஞ்சிட்டு. அமலியும் நானும் ஒரே பாத்தி. நான் கல்யாண வீட்டுல நிக்க மாதிரி நிக்கேன், அவ காலத் தூக்கித் தூக்கி வைக்கா. பாதிப் பேருக்குச் சொகமும் பாதிப் பேருக்கு நோவும்னா ஒரே பாத்தியில எப்படிட்டி நிக்க? ரெண்டு வாரம் கழிச்சு, கழத்திப் போட்ட பட்டையில இன்னும் மருந்து கெடக்குன்னு அமலிதான் கண்டுபிடிச்சா. நாயி ஒண்ணு அத நக்கிட்டு, சுடுமணல்ல போயி மல்லாக்கப் படுத்து ஒறங்குச்சு."

இசக்கிக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து முடிப்பதற்குள் பயமும் வந்தது. "யம்மா, எல்லாருக்கும் ஒண்ணாத் தெரியாமப் போனா, சிப்பி குத்துனாக்கூடத் தெரியாதே. வெயிலு தலைக்கேறி விழுந்தாத்தான் தெரியும்."

"அதக்கூட யோசிக்காத பொம்பளைகளா நாங்க? அதுக்குத்தான் காந்தல் முறை."

"அது என்னது?"

"தெனமும் ஒருத்தி எண்ணெ இல்லாம எறங்கணும். அவ மூணு நாளைக்கு முன்னயே நிறுத்திருவா, அப்பத்தான் உள்ள கெடக்கது போகும். அன்னைக்கு அவ காலுதான் நாப்பத்திரெண்டு பேருக்கும் காலு. அவளுக்குக் காந்தல் தாங்கலைன்னு கைய ஒசத்திட்டான்னா எல்லாவளும் கரையேறிரணும். நல்ல தண்ணியில கழுவி, ஒருத்தி காலு வெடிப்ப ஒருத்தி பாக்கணும். காந்தல்காரி காலப் பாக்க வேண்டாம், அவளுக்குத்தான் நோவு தெரியுமே. மறுநா வேற ஒருத்தி."

"இதெல்லாம் யாரு சொல்லிக் குடுத்தா?"

"யாரு சொல்லணும்? கத்துதவள அடைச்சாச்சு. அப்ப நம்மள்ல ஒருத்திதான கத்தணும்."

இசக்கி சோற்றைப் பிசைந்தபடியே உட்கார்ந்திருந்தாள். இந்தப் பெண்களை லிஸ்டிலிருந்து தூக்கச் சொன்னவனின் முகத்தில் இதை எறிய வேண்டும் போலிருந்தது. கை கழுவியதும் வாசலில் நின்று டாக்டருக்குப் போன் போட்டாள். எண்ணெய், நாய், காந்தல் முறை எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னாள். அவள் குரலில் பெருமை இருந்தது. அது அவளுக்கே கேட்டது.

மறுமுனையில் டாக்டர் மெதுவாகச் சொன்னார்: "இசக்கி, இது தங்கம். அப்போ சங்கே வேண்டாமே."

"என்ன மேடம்?"

"பாத்திக்கு ஒருத்தர் மருந்தில்லாம நின்னா போதும். அவங்க தாங்கற வரைக்கும் மத்தவங்க வேலை செய்யலாம். வெயில் கணக்கு, மணிக் கணக்கு எதுவும் வேண்டாம். சோதனையை எண்ணெய் கெடுத்துடுச்சுன்னாலும் இது போதும், தாஸுக்கு இதுதான் வேணும். நீ பார்த்ததை அப்படியே எழுதிக் கையெழுத்துப் போடு."

"அந்த ஒருத்தர், மேடம்?"

"அவங்களே முறை வெச்சுப் பண்றதுதானே? நாமளா சொன்னோம்? உங்க ஆளுங்க பிரமாதம், இசக்கி."

எட்டு வருடத்தில் முதல் முறையாக அந்த இரண்டு சொல்லோடு ஒரு பாராட்டு வந்தது. இசக்கி போனைக் கையில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றாள். வாயைத் திறந்திருக்கவே கூடாது என்று தோன்றியது. முதலாளிமார் கையில் இது மாறி மாறி எடுத்துக்கொள்கிற முறையாக இருக்காது. ஒரு வேலையாக இருக்கும், அதற்கென்றே தினமும் காந்துகிற ஒரு ஆளும் இருப்பாள்.

மறுநாள் விடிகிற நேரம் அம்மாவோடு பாத்திக்குப் போனாள். வானம் வெளுக்கும்போதே உப்பு கண்ணைக் கூசியது. பெண்கள் கரையில் வரிசையாகக் குந்தி ஜாடியிலிருந்து எண்ணெயை வழித்துக் காலில் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். பேச்சித்தாய் மட்டும் தேய்க்கவில்லை.

"இன்னைக்கு நீயா?" என்றாள் இசக்கி.

"இன்னைக்கு மட்டுமா?" என்றாள் அமலோற்பவம். எல்லோருக்கும் அவள் அமலி. வாய் ஓயாதவள். "ஒரு மாசமா ஒங்க ஆத்தாதான் காந்தல். எங்க முறையெல்லாம் அவளே புடுங்கிக்கிடுதா. கேட்டா, ஒங்களுக்குப் புள்ளை குட்டி இருக்கு, போங்கட்டிங்கா. எனக்குப் பேரன் இருக்கான், ஆமாங்கேன். ஒங்க ஆத்தாளுக்கு யாரு இருக்கா? நீ எங்க கல்யாணம் முடிக்க?"

எல்லோரும் சிரித்தார்கள். இறங்கி வாரத் தொடங்கினார்கள். மரப்பலகை உப்பைத் தள்ளுகிற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. இசக்கி கரையில் ஓலைக் கொட்டகையின் நிழலில் உட்கார்ந்து பார்த்தாள். பத்து மணிக்கு மேல் பாத்தி முழுக்க வெள்ளை வெயில். ஒருத்தியும் காலை மாற்றி வைக்கவில்லை. நாற்பத்தோரு பெண்கள் குளிர்ந்த தரையில் நடப்பவர்கள் போல நடந்தார்கள். பார்க்க அழகாகத்தான் இருந்தது. அந்த அழகு அவளுக்குப் பிடிக்கவில்லை.

அம்மா கையை உயர்த்தினாள். "ஏறுங்கட்டி."

எல்லோரும் ஏறினார்கள். பேச்சித்தாய் கடைசியாக வந்தாள். அவள் வந்த தடத்தில், இடது குதிகால் பட்ட இடமெல்லாம் உப்பு இளஞ்சிவப்பாக இருந்தது.

கொட்டகையில் பெண்கள் ஜோடி ஜோடியாக உட்கார்ந்து ஒருத்தி காலை ஒருத்தி மடியில் போட்டுப் பார்த்தார்கள். அம்மாவின் காலை யாரும் பார்க்கவில்லை. காந்தல்காரியின் காலைப் பார்ப்பதில்லை என்பதுதானே முறை. இசக்கி போய் அந்தக் காலைப் பிடித்துத் திருப்பினாள். குதிகாலில் சிப்பிச் சில்லு ஒன்று அரை விரல் ஆழத்துக்கு இறங்கி நின்றது.

"இது எப்பக் குத்துச்சு?"

பேச்சித்தாய் தன் காலை வேறு யாருடையதோ போலப் பார்த்தாள். "இப்பத்தான் குத்தியிருக்கும்."

"கண்ண மூடும்மா."

"எதுக்கு?"

"மூடு."

மூடினாள். இசக்கி சில்லை இரண்டு விரலால் பற்றி மெல்ல இழுத்தாள். ரத்தம் அவள் மணிக்கட்டு வரை வழிந்தது. "இப்ப நான் என்ன செய்யுதேன்?"

அம்மா யோசித்தாள். "தடவிக் குடுக்க."

பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பேச்சித்தாய் கண்ணைத் திறந்து, மகளின் கையில் இருந்த சில்லைப் பார்த்து, பிறகு எல்லோர் முகத்தையும் பார்த்தாள்.

"நீ எண்ணெய நிறுத்தி எத்தன நாளாச்சு?" என்றாள் இசக்கி.

"ஒரு மாசம் இருக்கும். என் முறை கடைசியாத்தான் வந்துச்சு. மூணு நாள்ல வந்துரும்னு பாத்தேன். வரல. சரி, பைய வரும்னு விட்டுட்டேன்."

"பெறகு எப்படி நேரத்துக்குக் கை ஒசத்துன?"

அம்மா பாத்தியின் நடுவே நட்டிருந்த ஒரு குச்சியைக் காட்டினாள். "அது நெழலு ஒரு சாணுக்கு வந்தா ஏறச் சொல்லுவேன். முப்பது வருசமா நிக்க பாத்தி. எந்த நெழலுக்கு எவ்வளவு காந்தும்னு எனக்குத் தெரியாதா?"

"அடிப் பாவி," என்றாள் அமலி. "தெரியாத காலை வச்சிக்கிட்டா எங்க எல்லாருக்கும் காவல் நின்ன?"

"எனக்கு எப்படியும் தெரியல," என்றாள் பேச்சித்தாய். "அப்ப எதுக்கு இன்னொருத்தி காந்தணும்?"

இசக்கி காயத்தைக் கழுவித் துணி கிழித்துக் கட்டினாள். கட்டும்போது அம்மா அவள் தலைக்கு மேலே பார்த்தபடி கேட்டாள்: "எப்பட்டி திரும்பி வரும்?"

இந்தக் கேள்விக்குப் பதில் ஒரு தட்டில் இருந்தது. இசக்கி அந்தத் தட்டின் எண்ணைக்கூட மறக்கவில்லை. பொங்கல் விடுமுறையையும், மஞ்சளாகியிருந்த தீனித் தண்ணீரையும், தான் எழுதிய வரியையும் அவர்கள் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள். "அது சாகல. ஆறு நாளு மருந்துலயே கெடந்ததுல, ஏறுத எடமே மறந்துபோச்சு. எப்பத் திரும்பும், திரும்புமான்னு பாத்திருக்கணும். நான் தூக்கிப் போட்டுட்டேன். அதனால எனக்குத் தெரியாதும்மா."

"மத்தவளுக்கு?" என்றாள் அமலி. "எனக்கு?"

"நீங்க எல்லாரும் நடுநடுவுல முறைக்காக நிறுத்துனீங்கல்லா, அதனால வந்துரும்னு நெனைக்கேன். அம்மா முறையையும் வாங்கிக்கிட ஆரம்பிச்ச பெறகு நீங்க நிறுத்தவே இல்ல. இன்னைக்கே விடணும்."

"நல்லா இருக்கு கதை. கொண்டாந்து குடுத்ததும் நீதான், புடுங்குததும் நீதான்."

"ஆமா," என்றாள் இசக்கி.

பதினோரு மணிக்குச் சங்கு ஊதியது. மூன்றரை வரை நேரம் இருந்தது. இசக்கி கொட்டகைத் தூணில் சாய்ந்து உட்கார்ந்து போனிலேயே அறிக்கையை எழுதினாள். பட்டைகள் எண்ணெயில் ஊறிய கதையை எழுதினாள். எண்ணெயில் கரையும் என்று சொன்னது நான்தான் என்றும், எண்ணெய் தேய்க்கிற கால்களுக்கு எண்ணெயைப் பற்றி ஒரு வரி இல்லாத குறிப்பை எழுதியதும் நான்தான் என்றும் எழுதினாள். கெட்டுவிட்டது என்று தள்ளிய தட்டின் எண்ணையும் தேதியையும் எழுதினாள். காந்தல் முறையைப் பற்றியும் எழுதினாள். அதன் கீழே, 'வலி தெரிவதற்காக விடப்பட்ட ஆளுக்கு வலி தெரியவில்லை. அதை அவர் தவிர யாரும் அறியவில்லை. எனவே எந்தப் பாத்தியிலும் சங்குக்குப் பதிலாக ஒரு மனுஷியை நிறுத்த முடியாது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். டாக்டருக்கு அனுப்பினாள். விசாரணை அதிகாரிக்கும் ஒரு பிரதி அனுப்பினாள்.

பத்து நிமிடத்தில் போன் வந்தது.

"அதிகாரிக்கு நேரா அனுப்ப உனக்கு யார் அனுமதி கொடுத்தாங்க?" டாக்டர் கத்தவில்லை, களைத்துப் போயிருந்தார். "மருந்தை அவங்க தப்பா உபயோகிச்சா அது நம்ம பொறுப்பில்லை. ஒரு ஆளுக்கு உணர்ச்சி போச்சுன்னு ஒரு பெரிய விஷயத்தையே நிறுத்துவியா?"

"அந்த ஆளு எங்கம்மா, மேடம்."

"அதனாலதான் நீ இதை எழுதவே கூடாது."

"எழுதச் சொல்லி அனுப்புனது நீங்க. எங்க ஆளுங்கன்னு சொல்லித்தான் அனுப்புனீங்க."

"தட்டு விஷயம் என் பேரையும் இழுக்கும், தெரியுமில்ல?"

"தெரியும். என் பேரு அதுக்கு மேல இருக்கு மேடம்."

"திங்கட்கிழமை ஆபீசுக்கு வர வேண்டாம்," என்று வைத்துவிட்டார்.

மறுநாள் விடியலில் கரையில் எண்ணெய் ஜாடி இல்லை. அமலி அதைக் கவிழ்த்து, எண்ணெயும் பட்டையுமாகக் குழி தோண்டிப் புதைத்துவிட்டாள். மூன்று நாய்களைக் கல்லெறிந்து விரட்ட வேண்டியிருந்ததாம். பெண்கள் புது நல்லெண்ணெய் கொண்டுவந்திருந்தார்கள். தேய்த்துக்கொண்டு குந்தியிருந்தார்களே தவிர, யாரும் இறங்கவில்லை. எல்லோருக்கும் ஒரே யோசனைதான். நேற்று வரை தேய்த்த மருந்து இன்னும் உள்ளே கிடக்கிறது. மூன்று நாளோ நாலு நாளோ, யார் காலுக்கும் ஒன்றும் தெரியாது. அதுவரை பாத்தியில் கத்துவதற்கு ஆளில்லை.

இசக்கி செருப்பைக் கழற்றிக் கொட்டகையில் வைத்தாள். பாவாடையைத் தூக்கிச் செருகினாள்.

"ஏ, நீ எங்க போற?" என்றாள் அமலி.

"காந்தல்."

"ஒனக்கு வாரத் தெரியுமா?"

"வாரத் தெரியாது. காந்தும்."

பேச்சித்தாய் கால் கட்டோடு கொட்டகையில் உட்கார்ந்திருந்தாள். குச்சியை நேற்றே பிடுங்கிப் போட்டிருந்தாள்.

இறங்கிய உடனே ஒன்றும் தெரியவில்லை. தண்ணீர் குளிர்ந்துதான் இருந்தது. ஏழு மணிக்கு விரல் இடுக்கில் அரிப்பு தொடங்கியது. எட்டு மணிக்குப் பாதத்தின் ஓரங்களில் யாரோ பிளேடால் கீறிக் கீறி மிளகாய்ப் பொடி தூவுவது போல இருந்தது. தன் காலுக்குள் கோடிக்கணக்கான பச்சை வளையல்கள் ஒன்றன்பின் ஒன்றாக விழுவதை இசக்கியால் நினைத்துப் பார்க்க முடிந்தது. நினைப்பதால் எரிச்சல் குறையவில்லை. முப்பது வருடம், இதில்தான் அம்மா நின்றிருக்கிறாள். இதில் நின்றுதான் அவளுடைய கல்லூரியும் விடுதியும் நடந்தன. எட்டேகால் வரை பல்லைக் கடித்தாள். அப்புறம் கையை உயர்த்தினாள்.

பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். வெயில் இன்னும் ஏறவே இல்லை.

"படிச்ச காலுல்லா," என்றாள் அமலி. "நனையும் முன்னயே கூப்பிட்டுட்டு."

ஒருத்தி சிரித்தாள், இன்னும் சிலர் சிரித்தார்கள். கொட்டகையிலிருந்து பேச்சித்தாயின் குரல் வந்தது. "கூப்பிட்டாச்சுல்லா, ஏறுங்கட்டி."

ஏறினார்கள். கழுவினார்கள். ஒருத்தி காலை ஒருத்தி மடியில் போட்டார்கள். இந்த முறை அமலி வந்து இசக்கியின் காலையும் இழுத்து வைத்துக்கொண்டாள். காந்தல்காரி காலையும் பார்ப்பது என்று அவளாகவே முறையை மாற்றியிருந்தாள். பாதம் தக்காளிப் பழமாகச் சிவந்திருந்தது. "பச்சப்புள்ள காலு," என்று முணுமுணுத்துவிட்டுத் தண்ணீரை ஊற்றினாள்.

இசக்கி நகர்ந்து அம்மாவின் இடது காலைத் தன் மடியில் எடுத்து வைத்தாள். கட்டை அவிழ்த்தாள். காயத்துக்குப் பக்கத்தில், நல்ல தோலில், நகத்தால் அழுத்தினாள். நகம் வெளுக்கிற வரை அழுத்தினாள்.

"தெரியுதா?"

பேச்சித்தாய் தானாகவே கண்ணை மூடிக்கொண்டாள். உள்ளே எங்கோ ஒருத்தி அலைந்துகொண்டிருப்பதைக் காது கொடுத்துக் கேட்பவள் போல வெகுநேரம் அப்படியே இருந்தாள். பிறகு தலையை ஆட்டினாள்.

"இல்ல," என்றாள். "நாளைக்கும் கேளு."